நோ பார்க்கிங்கில் ஒரு காம்போதி

பாடகரின் தொண்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கேட்கிறவரின் வயிறு, தூக்கம், கவலை பற்றி யார் எழுதுவது?

மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா. ஆறரை மணிக் கச்சேரிக்கு ஏழுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றுத் தெருக்களில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. 'நோ பார்க்கிங்' பலகைக்கு நேர் கீழே ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். நண்பர் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேனோ இல்லையோ, பின்வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "இன்னிக்கு மட்டும் நாலு வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான் சார்."

பாடகர் காம்போதியை எடுத்தார்.

இருபது நிமிஷ ஆலாபனை. மேல் ஸ்தாயியில் அவர் காந்தாரத்தைப் பிடித்து நின்றபோது அரங்கம் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. வெளியே கிரேன் வண்டியின் சங்கிலி உரசுவதுபோல ஏதோ சத்தம் கேட்டது. அபராதம் எவ்வளவு இருக்கும், வண்டியை எந்த ஸ்டேஷனில் போய் மீட்பது, ஆர்.சி. புத்தகம் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று என் மனசு தனியாக ஒரு ஆலாபனை செய்துகொண்டிருந்தது.

வெளியே வரும்போது நண்பருக்குக் கண் கலங்கியிருந்தது. "காம்போதின்னா இதுய்யா காம்போதி" என்றார். "கொஞ்சம் இழுத்துட்டார் இல்லே?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் காது எங்கேய்யா இருந்தது?"

காது நோ பார்க்கிங்கில் இருந்தது. வண்டி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

சித்திரையில் ஒரு நாள், கரண்ட் போன ராத்திரி, மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு அதே கச்சேரியை போனில் கேட்டேன். சபாக்காரர்களே யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். அதே பாடகர், அதே இருபது நிமிஷம். அன்றைக்கு இழுவையாகத் தெரிந்த இடமெல்லாம் நிதானமாகத் தெரிந்தது. நண்பரைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டுவிடலாம் என்று மணியைப் பார்த்தால் ஒன்றரை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். கச்சேரி விமர்சனங்களில் 'வித்வானுக்குச் சாரீரம் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது நம் வழக்கம். 'எனக்கு அன்றைக்குச் செவி ஒத்துழைக்கவில்லை' என்று யாராவது எழுதிப் படித்திருக்கிறோமா?

யானையும் எறும்பும்

பழைய ஆட்கள் இதில் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரத்தில், நாடகம் எடுபடுவது எப்படி, கெடுவது எப்படி என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. காற்று, நெருப்பு, மழை, யானை, பாம்பு, பூச்சி, எறும்பு என்று நிகழ்ச்சியைக் கெடுக்கக்கூடியவற்றை அதில் அடுக்கியிருக்கிறார் பரதர். யானையின் இடத்தில் இப்போது செல்போன் வந்திருக்கிறது. எறும்பு அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் நாடகம் போடாதே, உச்சிப் பொழுதிலும் நடுநிசியிலும் அந்தியிலும் வேண்டாம் என்றும் அவர் சொல்கிறார். (நடுநிசி விஷயத்தில் நம் ஊர்க் கூத்துக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.) இளைஞனுக்குக் காதல் காட்சி பிடிக்கும், வீரனுக்குப் போர், முதியவருக்குப் புராணக் கதை என்று பார்வையாளர்களையும் அவர் வகை பிரித்து வைத்திருக்கிறார்.

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பு, காஷ்மீரத்தில் இருந்து அந்த நூலுக்கு உரை எழுதிய அபிநவகுப்தர் இன்னும் உள்ளே போனார். ரசம் பிறக்கவிடாமல் தடுக்கும் இடைஞ்சல்கள் ஏழு என்றார். அதில் ஒன்று, பார்க்கிறவன் தன் சொந்தச் சுக துக்கங்களில் மூழ்கிக் கிடப்பது. துக்கம் தடுக்கும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சுகமும் தடுக்கும் என்று சொன்னதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. தன் கல்யாணத்தில் வாசித்த நாயனத்தைக் கேட்ட மாப்பிள்ளை யாராவது உண்டா? அரங்கத்தை அலங்கரிப்பதும், வாத்தியமும் பாட்டும் முன்னால் வைப்பதும் எதற்கு என்றால், வருகிறவன் வீட்டிலிருந்து சுமந்து வந்ததைக் கொஞ்சம் இறக்கி வைக்கட்டும் என்பதற்காகத்தான் என்கிறார்.

எனக்கு அவரோடு ஒரே ஒரு வழக்கு. அம்மா காலமான வருஷம் ஆறேழு மாதம் நான் எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. பிறகு, தட்ட முடியாமல், அலுவலக நண்பர் ஒருவரின் மகள் அரங்கேற்றத்துக்குப் போனேன். பெண்ணுக்குப் பதினான்கு வயது. அரைமண்டி சரியாக உட்காரவில்லை, தாளத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். கடைசிக்கு முன்னால் நீலாம்பரியில் ஒரு தாலாட்டுக்கு அபிநயம் பிடித்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, தூங்கிவிட்டதா என்று ஒரு தரம் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான். நான் எழுந்து வெளியே போய் வராந்தாக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எங்களைத் தூங்கவைக்க அம்மா முனகிய ராகத்துக்கு நீலாம்பரி என்று பெயர் என்பது அம்மாவுக்கே தெரியாது. அங்கே வந்திருந்த, நடனம் தெரிந்த ஒருவர் "சுமாரான அரங்கேற்றம்" என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு நடந்ததும் நிஜம். பச்சைத் துக்கம் கதவை அடைத்துவிடும். கொஞ்சம் காய்ந்த துக்கம் திறந்துவிடுகிறது என்று அபிநவகுப்தர் இருந்தால் சொல்லிப் பார்ப்பேன்.

நள்ளி போட்ட சாப்பாடு

சூழலுக்கு முதலிடம் தருகிற இந்த விஷயம் தமிழ் இலக்கணம் தொடங்குகிற இடத்திலேயே இருக்கிறது. அகப்பாட்டுக்கு முதற்பொருள் எது என்றால் நிலமும் பொழுதும் என்கிறது தொல்காப்பியம். தலைவனும் தலைவியும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். பண்களுக்கும் பொழுது இருந்தது. காலைக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண் என்று ஓதுவார்கள் பிரித்துப் பாடும் மரபு இன்றும் உண்டு.

புறநானூற்றின் 149ஆம் பாட்டு இந்த ஒழுங்கு குலைந்த கதை. வன்பரணர் பாடியது. நள்ளி என்ற வள்ளலைப் பார்த்துப் புலவர் சொல்கிறார்: எங்கள் பாணர்கள் மாலையில் மருதம் வாசிக்கிறார்கள், காலையில் செவ்வழி வாசிக்கிறார்கள், பண்முறையே மறந்துபோய்விட்டது, காரணம் நீ, நீ கொடுத்த கொடை. புகழ்ச்சிப் பாட்டுதான். ஆனால் அதற்குள் ஒரு கலைஞனின் வாக்குமூலமும் இருக்கிறது. வயிறு நிறைந்தால் பொழுது மறக்கிறது. கேட்கிறவனுக்கு மட்டுமில்லை, வாசிக்கிறவனுக்கும் அன்றைய நாள் என்று ஒன்று உண்டு.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். மாதவி அரங்கேறிய மேடையை இளங்கோவடிகள் தச்சனைப்போல அளந்து காட்டுகிறார். எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். பார்க்கிறவன் கண்ணுக்கு இத்தனை உபசாரம் செய்த அதே காப்பியம்தான், மனநிலை கெட்டுப்போன ஒரு ரசிகனால் ஒரு குடும்பம் அழிந்த கதையையும் சொல்கிறது.

இந்திர விழா முடிகிறது. கோவலன் ஊடலில் இருக்கிறான். இருவரும் கடலாட்டைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கொடுக்கிறாள். அவன் காவிரியையும் கானலையும் வைத்துப் பாடுகிறான். இவன் மனதில் வேறு யாரோ இருக்கிறாள் என்று அவள் நினைக்கிறாள். அவள் யாழை வாங்கி, தன் மனதிலும் ஒருவன் இருப்பதுபோல் பாடுகிறாள். பாட்டு அருமையான பாட்டு. வேறொரு நாளாக இருந்தால் கோவலன் சிரித்திருப்பான், பதிலுக்கு இன்னொன்று பாடியிருப்பான். அன்றைக்கு எழுந்து போய்விட்டான். இளங்கோ பழியை ஊழ்வினைமேல் போடுகிறார். காப்பியத்துக்கு அது தேவை. எனக்கென்னவோ, ஊடலோடு வந்து உட்கார்ந்தவன் கானல்வரியைக் கேட்கவே இல்லை என்றுதான் படுகிறது. தன் சந்தேகத்தைத்தான் கேட்டான்.

தூங்கிப் பார்த்த கூத்து

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு ஜனம் வந்து சேர மணி பத்தாகிவிடும். கோணிப்பையும் போர்வையும் எடுத்துக்கொண்டு, மடியில் வறுத்த வேர்க்கடலையோடு போய் இடம் பிடிப்போம். கட்டியங்காரன் வந்து முதல் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவான். பஞ்சாயத்துத் தலைவர் போட்ட ரோடு எந்த மழையில் கரைந்தது, யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது என்பதெல்லாம் துரியோதனன் சபைக்குள் வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவரும் சிரிப்பார். வேறு வழி?

பன்னிரண்டு மணிக்கு நான் அம்மா மடியில் தூங்கிப்போவேன். திடீரென்று முகவீணை வீறிட்டு அலறும், மத்தளம் நெஞ்சுக்குள் அடிக்கும், திரை விலகும், கிரீடமும் புஜக்கீர்த்தியும் மின்ன துச்சாதனன் குதிப்பான். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் பார்த்த அந்த முகத்தை நாற்பது வருஷமாக மறக்க முடியவில்லை. துகில் உரிகிற கட்டத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும். திரௌபதியாக நிற்பவர் பக்கத்து ஊர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எந்தக் குறையும் வந்ததில்லை. அர்ச்சுனன் தபசன்று, வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அவர்களைப் 'பார்வையாளர்' என்று நான் எந்த வாயால் சொல்வது?

பல வருஷம் கழித்து, சென்னையில் ஒரு குளிரூட்டிய அரங்கில் அதே துகில் உரிதலைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். கையில் வழவழப்பான தாளில் கதைச் சுருக்கம் கொடுத்தார்கள். ஆடியவர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதே அடவு, அதே கிறுகிறுப்பு, அதே குரல். நானும் ஒரு நிமிஷம்கூடக் கண் அயராமல் பார்த்தேன். கோளாறு அங்கேதான் என்று பிறகு தோன்றியது. கூத்து, தூங்கி விழித்துப் பார்க்கிற கலை. ராத்திரி வளர வளர உடம்பு தளர்ந்து, மனசின் காவல் தளர்ந்து, மூன்று மணிக்கு நாம் வேறு ஆளாகியிருப்போம். கதையின் கொடூரமான இடம் சரியாக அப்போதுதான் வரும். இரவு எட்டுக்கு முடிந்து, கைதட்டி, மசால்தோசைக்குப் போகிற கூட்டத்தில் நானும் இருந்தேன். கட்டியங்காரனுக்கு அந்த அரங்கில் யாரைக் கிண்டல் செய்வது என்று தெரியவில்லை. அவர்மேல் தப்பில்லை.

கூத்து ஊரை விட்டு வரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. புரிசை ஊர்க் கூத்தைக் கண்ணப்பத் தம்பிரான் நகரத்து மேடைகளுக்கும் கொண்டுவந்தார். அதனால்தான் ந. முத்துசாமி மாதிரி ஒரு எழுத்தாளர் அதில் நவீன நாடகத்துக்கான விதையைக் கண்டு கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். சென்னைக்காரர்கள் பார்த்தது வேறு கூத்து, அவ்வளவுதான்.

கொக்கு பறந்த காலம்

காலமே அரங்கத்தின் மனநிலையை மாற்றிவிட்டதற்கு நம் நாடக மேடையில் ஓர் உதாரணம் உண்டு. வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுவாள். நூறு தடவை பார்த்த காட்சி. சுதந்திரப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்களில் நாடக நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடினார். கொக்கு யார் என்று கொட்டகையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர்களுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை; மனிதர் பல தடவை சிறைக்குப் போனார். 1940இல் சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. இன்றைக்கு அந்தப் பாட்டை யாராவது பாடினால் 'பழைய பாட்டு, நன்றாக இருக்கிறது' என்போம். அன்றைய ஜனத்துக்கு அது நன்றாக இருந்ததா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

திருவையாறும் ரிசப்ஷனும்

தை மாதத்தில் திருவையாற்றில், தியாகராஜர் சமாதியடைந்த திதியான பகுள பஞ்சமியன்று, காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. காதை மட்டும் கூர்மையாக்கி வைத்துக்கொண்டு கேட்டால் சுருதி நாலு திசையிலும் போகும். யாரோ அரை அட்சரம் முந்துவார், யாரோ பிந்துவார். இதே சத்தத்தை ஒரு சபாவில் ஒலிபெருக்கியில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது அப்படி எதுவும் தோன்றவில்லை. முந்தினவர்களில் நானும் ஒருவன். பாடுகிறவனுக்கு மார்க் போட நேரமில்லை.

இதற்கு எதிர்முனையில் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. நல்ல வயலின் வித்வான் மேடையோரத்தில் வாசித்துக்கொண்டிருப்பார். மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசை, குழந்தைகள் பலூனுக்கு அழுகிறார்கள், ஐஸ்கிரீம் பக்கம் நெரிசல். அவர் கல்யாணியில் ஒரு பிரமாதமான பிடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே இருப்பது காலி நாற்காலிகளும், யாரோ வைத்துவிட்டுப் போன காபிக் கோப்பையும். ஒரு முறை நான் தனியாக எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்த கீர்த்தனையை எனக்காகவே கொஞ்சம் விரித்து வாசித்தார். அரை மணி நேரம் கழித்து என் சித்தப்பா வந்து "பந்தி போட்டாச்சு, வாடா" என்று தோளைத் தட்டினார். போய்விட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி சாம்பாரில் கரையவில்லை.

மூன்று கச்சேரி, இரண்டு வடை

சென்னை மார்கழிக்குத் திரும்புவோம். 1927 டிசம்பரில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது; அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது; அதைச் சுற்றிச் சீசன் வளர்ந்தது. நாலைந்து மணி நேரம் பாடிய காலம் போய் இப்போது இரண்டரை மணி நேரத்துக்கு வந்து நிற்கிறோம். அதைக் குறை சொல்லமாட்டேன். கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறது. நான் குறை சொல்வது நம் பேராசையை. மதியம் ரெண்டு மணிக்கு இலவசக் கச்சேரி, நாலுக்கு இன்னொன்று, ஆறரைக்குப் பெரிய வித்வான். மூன்றாவது தோடியைக் கேட்கும்போது காதுக்கு முதல் தோடியே இன்னும் ஜீரணமாகியிருக்காது. மாலைக்காரர் பாவம், காலையிலிருந்து அசுர சாதகம் செய்துவிட்டு வருகிறார். அவருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுப்பது கேன்டீனில் தின்ற கீரை வடையும் காசி அல்வாவும் கொடுத்த மந்தத்தை. ஏசி வேறு. மஃப்ளரைக் காதை மூடிச் சுற்றிக்கொண்டு சங்கீதம் கேட்கிற ஜாதி உலகத்தில் நாம் மட்டும்தான்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து போவது பற்றி மிருதங்கக்காரர்கள் சொல்லி அலுத்துவிட்டார்கள். நானும் போயிருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று அதைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அது மூத்திரப்பையும் பசியும் செய்கிற வேலை. இடைவேளை இல்லாத கச்சேரியில் தனியைத்தான் ஜனம் இடைவேளையாக ஆக்கிக்கொண்டது. அமைப்பாளர்கள் பத்து நிமிஷம் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி. சங்கீதத்தின் கட்டு குலைந்துவிடும் என்பார்கள். இப்போது மட்டும் குலையாமலா இருக்கிறது?

பாடகர் எம்.டி. ராமநாதனை நினைத்துக்கொள்கிறேன். 1923இல் பிறந்து 1984இல் மறைந்தவர். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். சவுக்க காலம், கனத்த கீழ்க்குரல். அவர் இருந்த காலத்தில் அவர் நிதானத்தைத் தாங்காமல் எழுந்து போனவர்களும் உண்டு, அவரைத் தவிர யாரையும் கேட்கமாட்டேன் என்றவர்களும் உண்டு. என் அப்பா முதல் வகை. ரிட்டயர் ஆன பிறகு இரண்டாவது வகைக்கு மாறினார். ராமநாதனின் ஒலிநாடாவில் எதுவும் மாறவில்லை. அப்பா ஒன்பது மணிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்க வேண்டாம் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

2020 மார்கழியில் கொரோனாவால் சபாக்கள் கச்சேரிகளை இணையத்துக்கு மாற்றின. வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பாடினார்கள். ஒலித் துல்லியம் அரங்கத்தைவிட மேல். பார்க்கிங் கவலை இல்லை, இருமல் இல்லை, வேண்டும்போது நிறுத்தி வைக்கலாம். நான் எட்டுக் கச்சேரிக்குப் பணம் கட்டி, இரண்டை முழுதாகக் கேட்டேன். பருப்பு வேகிறதா என்று பார்க்க எழுந்துபோய், அப்படியே துணி உலர்த்தப் போய்விடுகிறோம். எதிரே பாடுகிறவர் நம்மைப் பார்க்கிறார் என்ற கூச்சம்தான் நம்மை நாற்காலியில் உட்காரவைத்திருந்தது என்று அப்போது புரிந்தது.

நண்பரிடம் காம்போதி விஷயத்தை ஒரு வழியாக ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்குக் காலையிலதான் என் பேத்தி பொறந்தா. ஒரு வேளை அதனாலதான் எனக்கு அவ்வளவு நல்லா இருந்துதோ என்னவோ." சொந்தச் சுகமும் தடை என்று சொன்ன அபிநவகுப்தரை அவர் படித்ததில்லை. நானும் சொல்லவில்லை.

வருகிற சீசனுக்கு இருவரும் ஆட்டோவில் போவதாக ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு நிகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காமல் போய், அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதக் கை துறுதுறுத்தால், முதல் வரியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், வண்டியை எங்கே நிறுத்தியிருந்தீர்கள்.